பாரிஸில் கடைசி நாள்: எதைக் கேட்டு வாங்குவது, எதில் கையெழுத்திட மறுப்பது

நம்மவர்கள் பலருக்குப் பாரிஸ் பயணத்தின் நடுவில் வரும் ஊர். அங்கே லாசப்பல் வட்டாரத்தில் இருக்கும் தம்பி வீட்டில் தங்கிவிட்டு, மகளின் பிரசவத்துக்காக டொரொன்டோ புறப்படும் யாழ்ப்பாணத்து அம்மா. சுற்றுலாக் குழுவோடு வந்து, குழு ஊர் திரும்பியதும் லண்டன் உறவினரைப் பார்க்கக் கிளம்பும் கோவைத் தம்பதி. மாநாடு முடிந்து அடுத்த நாட்டுக்குப் பறக்கும் ஆராய்ச்சி மாணவர். இவர்கள் எல்லோருக்கும் அந்நகரில் கழிக்கும் கடைசி நாள்தான் மிகவும் ஆபத்தானது. மற்ற நாள்களில் பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கும், பணம் பீரோவில் இருக்கும், நகை வேறெங்காவது இருக்கும். கடைசி நாளில் எல்லாம் ஒரே பையில் வந்து சேர்ந்து ஒரே தோளில் தொங்கும். முந்தைய இரவு மூட்டை கட்டியதில் தூக்கமும் போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு நேரமில்லை என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியும். ஐந்து மணி நேரத்தில் விமானம் ஏறப்போகிறவர் காவல் நிலையத்துக்கு வரமாட்டார் என்று ஜேப்படிக்காரர் கணக்குப் போடுகிறார். வாடகை வீட்டின் முன்பணத்தைப் பிடித்துக்கொள்பவரும், கூடுதலாகக் கேட்கும் டாக்சிக்காரரும், விமானம் ரத்தானதும் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் கவுண்டர் ஊழியரும் அதே கணக்கில்தான் நிற்கிறார்கள். நாமும் "போய்த் தொலையட்டும், விமானத்தைப் பிடித்தால் போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விடவேண்டியதில்லை. பிரான்சில் ஒரு பயணிக்கு உள்ள உரிமைகளில் பெரும்பாலானவை விமானம் ஏறியபிறகும் தொடர்பவை. சில உரிமைகளைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஐந்து ஆண்டுவரை கேட்கலாம். ஆனால் அவற்றுக்கான ஆதாரம் அந்த ஊரில், அந்த நாளில்தான் கிடைக்கும். கடைசி நாளில் எந்தத் தாளைக் கேட்டு வாங்குவது, எந்தத் தாளில் கையெழுத்திட மறுப்பது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

விசா எந்த ஊரில் முடிகிறது?

ஷெங்கன் விசாவில் இரண்டு கணக்குகள் உண்டு. எந்தத் தேதிவரை செல்லும் என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றது. தேதி பாக்கி இருந்தும் நாள் தீர்ந்துபோகலாம். உள்ளே வந்த நாள், வெளியே போகும் நாள் இரண்டுமே தங்கிய நாள்களில் சேரும். இரண்டாவது கணக்கைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தவர்கள் கடைசி நாளில்தான் விழிக்கிறார்கள்.

முன்பெல்லாம் அதிகாரி முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகளின் எல்லைகளில் மின்னணு நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடப்புக்கு வந்திருக்கிறது. கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன, தங்கிய நாளைக் கணினியே எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் அது பதிவில் நிற்கும், அடுத்த விசா விண்ணப்பத்தின்போது அதிகாரியின் கண்ணில் படும். இந்தப் பதிவு காரணமாக எல்லைச் சோதனை வரிசைகளும் நீளலாம் என்பதால் விமான நிலையத்துக்கு முன்பைவிடச் சீக்கிரம் போவது நல்லது.

பலர் சறுக்குவது ஒரு நுணுக்கமான இடத்தில். பாரிஸிலிருந்து நேராக டொரொன்டோ பறந்தால், ஷெங்கனைவிட்டு வெளியேறும் சோதனை பாரிஸில் நடக்கும். பிராங்க்பர்ட் வழியாகச் சென்னை போகிறவருக்குப் பாரிஸ்–பிராங்க்பர்ட் விமானம் உள்நாட்டுப் பயணம் மாதிரி. வெளியேறும் பதிவு பிராங்க்பர்ட்டில்தான். விசா இன்று நள்ளிரவோடு முடிகிறது, பாரிஸ் விமானம் மாலையில் நான்கு மணி நேரம் தாமதித்தது, பிராங்க்பர்ட்டில் அடுத்த விமானம் தவறி இரவு அங்கேயே தங்க நேர்ந்தது என்று வையுங்கள். அந்தப் பயணி விடியும்போது விசா இல்லாதவர். தவறு அவருடையதல்ல, ஆனாலும் பதிவு அவர் பெயரில்தான் ஏறும்.

இதற்குப் பரிகாரம் உண்டு, கேட்பவர்தான் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பு, அதாவது 2009-ஆம் ஆண்டின் 810-ஆம் எண் ஒழுங்குமுறை, அதன் 33-ஆம் பிரிவில் பயணியின் கையை மீறிய காரணத்தால் வெளியேற முடியாமல் போனால் விசாவைக் கட்டணமின்றி நீட்டித்துத் தரவேண்டும் என்கிறது. மிக முக்கியமான சொந்தக் காரணம் என்றால் 30 யூரோ கட்டணம். பிரான்சில் இதைச் செய்யும் அலுவலகம் பிரிஃபெக்சர். விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டால் எல்லைக் காவல்துறையிடம் நிலைமையைச் சொல்லவேண்டும். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது, விமானம் ரத்தானது அல்லது தாமதித்தது என்று விமான நிறுவனம் எழுத்தில் தந்த சான்று. அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் எழுதியும் வாங்குங்கள். விசாவின் கடைசி நாளுக்கு டிக்கெட் எடுக்காமல் இரண்டு நாளாவது இடம் விடுவது எல்லாவற்றையும்விட நல்லது. அந்த இரண்டு நாளுக்கு ஆகும் செலவு ஒரு விசா மறுப்பைவிடக் குறைவு.

அடுத்த நாட்டுக்கான தாள்களையும் அன்று காலையே எடுத்துப் பாருங்கள். லண்டன் வழியாக ஊர் திரும்பும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு, விமான நிலையத்தைவிட்டு வெளியே கால் வைக்காவிட்டாலும், பிரிட்டனின் இடைமாற்ற விசா தேவை. குறிப்பிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. ஷெங்கன் விசா இருக்கிறது, போதும் என்று நினைத்துப் போனவர்கள் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இலங்கையர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் விமான நிலைய இடைமாற்ற விசா தேவைப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இடம்பெற்றுள்ளது. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் பாரிஸ் வந்து, லண்டன் போய், திரும்பும்போது பிராங்க்பர்ட்டில் விமானம் மாறினால், பழைய விசா உதவாது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளின் நடப்பு விசா இல்லாதவர் அதற்கெனத் தனி விசா எடுத்திருக்கவேண்டும். தாள் சரியில்லை என்று ஏற்ற மறுத்தால் விமான நிறுவனம் இழப்பீடு தரவேண்டியதில்லை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் அந்த நிறுவனத்துக்கு அபராதம் விழும். அதனால்தான் கவுண்டரில் இரக்கம் காட்டமாட்டார்கள்.

பாஸ்போர்ட் போனால்

பாரிஸ் மெட்ரோவில் ஜேப்படி பற்றிய எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் அடிக்கடி கேட்கலாம். முதலாம் எண் மெட்ரோ, லூவ்ர் வட்டாரம், மொன்மார்த்ரின் சக்ரே-கேர் தேவாலயப் படிகள், கார் து நோர் ரயில் நிலையம், விமான நிலையத்துக்குப் போகும் ஆர்.இ.ஆர். பி ரயில் ஆகியவை கவனமாக இருக்கவேண்டிய இடங்கள். மனுவில் கையெழுத்துக் கேட்டுச் சூழ்ந்துகொள்ளும் இளம்பெண்கள், தரையிலிருந்து "தங்க" மோதிரத்தை எடுத்து நீட்டுபவர், மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பவர், கதவு மூடும் நொடியில் கைப்பேசியைப் பறித்து இறங்குபவர் என எல்லாம் பழகிய உத்திகள். டாக்சியில் போனாலும் கைப்பையை இருக்கையில் வெளியே தெரியும்படி வைக்கவேண்டாம். விமான நிலையத்தையும் நகரையும் இணைக்கும் ஏ-1 நெடுஞ்சாலையில், குறிப்பாக லாந்தி சுரங்கப்பாதை அருகே நெரிசலில் வண்டி நிற்கும்போது, கண்ணாடியை உடைத்துப் பையைப் பறித்துப் போன சம்பவங்கள் பலமுறை நடந்திருக்கின்றன.

பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு நகலோடு சுற்றுங்கள் என்று பலர் சொல்வார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி, காவல்துறை கேட்டால் வெளிநாட்டவர் தாம் அங்கே தங்குவதற்கான ஆவணத்தைக் காட்டியாகவேண்டும். ஆகவே சட்டையின் உள்ளே உடலோடு ஒட்டிய பையில் அசலையும், கைப்பையில் நகலையும் வைப்பதே என் யோசனை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கங்கள், டிக்கெட் ஆகியவற்றின் படங்களை உங்கள் மின்னஞ்சலுக்கும் ஊரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

களவு போய்விட்டால் முதல் வேலை காவல் நிலையம். அங்கே அதைக் கமிசாரியா என்பார்கள், பக்கத்தில் உள்ள எதுவும் போதும். நடந்த இடம் வேறு வட்டாரம் என்று சொல்லிப் புகாரை மறுக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. பாதிக்கப்பட்டவரின் புகாரை எங்கே கொடுத்தாலும் வாங்கவேண்டும் என்பது பிரான்சின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதுவும் உரிமைதான். புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் புகாரின் நகலும் இல்லாமல் எழுந்து வராதீர்கள்.

அங்கே ஒரு தாளைக் கவனித்துப் படிக்கவேண்டும். "தொலைந்துவிட்டது" என்ற அறிவிப்பும் "திருடப்பட்டது" என்ற புகாரும் வெவ்வேறு ஆவணங்கள். அவசரத்தில் முதலாவதைக் கொடுத்து அனுப்பிவிடுவது உண்டு. பயணக் காப்பீட்டில் பல திட்டங்கள் திருட்டுக்குத்தான் பணம் தரும், கவனக்குறைவால் தொலைத்ததற்குத் தராது. திருடப்பட்டது உண்மையென்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். என்னென்ன பொருள், எவ்வளவு மதிப்பு என்பதும் அதில் வரட்டும்.

அடுத்தது தூதரகம். இந்தியத் தூதரகம் பாரிஸின் 16-ஆம் வட்டாரத்தில் இருக்கிறது, இலங்கைத் தூதரகமும் அதே வட்டாரத்தில்தான். தொடர்பயணம் உள்ளவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய கசப்பான உண்மை இங்கேதான் வருகிறது. இந்தியத் தூதரகம் அவசரத்துக்குத் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்பிவர மட்டுமே செல்லும். அதைக் காட்டி டொரொன்டோவுக்கோ லண்டனுக்கோ போகமுடியாது. புதிய பாஸ்போர்ட் கேட்டு அங்கேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும். பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த கனடா விசாவும் அதோடு போய்விட்டது, அதையும் மறுபடி கேட்கவேண்டும். மகளின் பிரசவத்துக்குப் போகும் தாய்க்கு இது பேரிடி. பெட்டி போனாலும் பரவாயில்லை, பாஸ்போர்ட்டை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அட்டை போனால் நிமிடக் கணக்கில் வங்கிக்குச் சொல்லவேண்டும். பிரான்சில் 50 யூரோவரை ரகசிய எண் இல்லாமல் அட்டையைத் தொட்டே செலுத்திவிடலாம், திருடியவருக்கு அது வசதி. இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாம் தரப்பால் நடந்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்கிறது. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விமானம் ஏறினால் அந்த மூன்று நாள் வானத்திலும் உறவினர் வீட்டிலும் கழிந்துவிடும். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்திலேயே அழைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் போகும் வழி

சாதாரண மெட்ரோ டிக்கெட்டில் ஷார்ல் தெ கோல் விமான நிலையம் போகமுடியாது. 2025 ஜனவரியில் கட்டண முறை மாறியபோது விமான நிலையத்துக்கெனத் தனி டிக்கெட் 13 யூரோ என்று வந்தது; அதற்குப் பிறகான விலையை நிலையத்தில் பார்த்துக்கொள்ளவும். நகருக்குள் சாதாரண டிக்கெட்டைக் காட்டி ஆர்.இ.ஆர். ரயிலில் ஏறிவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். விமான நிலையத்தில் வெளியேறும் கதவு திறக்காது, அங்கே பரிசோதகர் நிற்பார். தெரியாது என்று சொன்னாலும் அபராதம் விழும். கட்டினால் ரசீது வாங்குங்கள்.

டாக்சிக்கு நிலையான கட்டணம் இருப்பது நல்ல பாதுகாப்பு. 2025 நிலவரப்படி ஷார்ல் தெ கோலுக்கும் செய்ன் ஆற்றின் வலக்கரைக்கும் 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ. லாசப்பல் வலக்கரையில் இருக்கிறது. நெரிசல் என்று சொல்லியோ பெட்டி அதிகம் என்று சொல்லியோ கூட்டிக் கேட்கமுடியாது. முன்பதிவு செய்தாலோ ஐந்தாவது ஆள் ஏறினாலோ மட்டும் அறிவிக்கப்பட்ட சிறு கூடுதல் உண்டு. அட்டையில் பணம் கட்டவும் ரசீது பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. முனையத்துக்குள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுபவர்கள் உரிமம் பெற்றவர்கள் அல்லர்.

பாரிஸ் என்று எழுதியிருந்தாலும் எந்த விமான நிலையம் என்பதை முந்தைய நாளே பாருங்கள். ஓர்லி தெற்கே, ஷார்ல் தெ கோல் வடகிழக்கே. மலிவுக் கட்டண விமானங்கள் பல புறப்படும் போவே, பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது.

கடை, வரி, உறவினர் தரும் பார்சல்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் 16 வயதுக்கு மேற்பட்டவர் பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். அங்கே இதைத் தெதாக்ஸ் என்பார்கள். வரி 20 சதவீதம் என்றாலும், இடைத்தரகு நிறுவனத்தின் பங்கு போகக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கவேண்டும். விமான நிலையத்தில் பாப்லோ என்ற இயந்திரத்தில் அதைக் காட்டிப் பச்சைத் திரை வந்தபிறகே பெட்டியை ஒப்படைக்கவேண்டும். பெட்டி போனபின் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் வழியில்லை. நகரிலேயே முன்கூட்டிப் பணம் வாங்கியவர்கள் இந்த வேலையை மறந்தால், கொடுத்த பணத்தை அந்த நிறுவனம் அட்டையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். லண்டனும் சூரிச்சும் இன்று ஒன்றியத்துக்கு வெளியே. அங்கே பறப்பவருக்குப் பாரிஸிலேயே முடிக்கவேண்டிய வேலை இது. கடை இயந்திரம் "ரூபாயில் கட்டவா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைப்பக்கம் தீர்மானிக்கும்.

ஐஃபெல் கோபுரத்தடியிலும் ட்ரொக்கதேரோவிலும் தரையில் விரித்து விற்கும் போலிப் பைகளை வாங்காதீர்கள். பிரான்சில் போலிப் பொருளை வைத்திருப்பதே சுங்கக் குற்றம். பறிமுதல் செய்வதோடு, அசல் பொருளின் மதிப்பைப்போல் இருமடங்குவரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தில் மூன்றாண்டுவரை சிறையும் உண்டு.

கடைசி நாளில் உறவினர் வீடுகளில் நடப்பதைப் பற்றித் தயங்காமல் பேசவேண்டும். "அக்கா, இதைக் கனடாவில பிள்ளையிட்டக் குடுத்திடுங்கோ" என்று ஒட்டிய பார்சலைத் தருவார்கள், மறுக்க முகம் வராது. ஆனால் பெட்டியில் இருப்பதற்கு எல்லையில் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். பிரித்துப் பார்க்காத எதையும் வாங்காதீர்கள். பிரித்துக் காட்டச் சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை. இறைச்சி, பால் பொருள்களுக்குக் கனடாவில் கட்டுப்பாடு கடுமை. எதுவாயிருந்தாலும் படிவத்தில் சொல்லிவிடுவது காப்பாற்றும். பணமும் அப்படித்தான்: ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் ஒருவர் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் கையில் கொண்டுபோனால் சுங்கத்திடம் அறிவிக்கவேண்டும். 2021 ஜூன் முதல் இந்தக் கணக்கில் தங்க நாணயமும் தங்கக் கட்டியும் சேர்ந்துவிட்டன. பணம் கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம். பிரான்சில் அந்தத் தொகையில் பாதிவரை அபராதமாகப் போகலாம். சீட்டுப் பணத்தை இப்படிக் கொடுத்தனுப்பி இழந்தால், இரண்டு குடும்பங்களின் உறவும் சேர்ந்து முறியும்.

விமானம் போகவில்லை என்றால்

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இந்தப் பகுதிதான். சட்டம் இவ்வளவு தெளிவாகப் பயணியின் பக்கம் நின்றும், நம்மவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, ஒன்றிய நாட்டின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். நிறுவனம் இந்தியாவுடையதா, வளைகுடா நாட்டுடையதா, பயணி எந்த நாட்டவர் என்பதெல்லாம் பொருட்டல்ல. பாரிஸில் புறப்பட்டால் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. விமானம் ரத்தாகி, 14 நாளுக்கு முன் அறிவிப்புத் தராவிட்டால், அல்லது இருக்கைகளைவிட அதிக டிக்கெட் விற்றதால் உங்களை ஏற்றாவிட்டால், இழப்பீடு தரவேண்டும். 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி, போய்ச்சேரும் நேரம் மூன்று மணி அல்லது அதற்கு மேல் தாமதித்தாலும் அதே உரிமை. 1,500 கிலோமீட்டர்வரை 250 யூரோ, அதற்கு மேல் பொதுவாக 400, ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 600. டொரொன்டோவும் சென்னையும் கொழும்பும் கடைசி வகையில் வரும். நீண்ட தூரத்தில் தாமதம் நான்கு மணிக்குள் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். ஒரே பதிவில் எடுத்த டிக்கெட்டில் பாரிஸ்–தோஹா–சென்னை போகிறவர், தோஹாவில் இரண்டாவது விமானத்தில் தாமதித்தாலும் கேட்கலாம் என்பது 2018 தீர்ப்பிலிருந்து தெளிவு. 2025 ஜூனில் ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் இந்த மூன்று மணி வரம்பை உயர்த்தும் திட்டத்துக்கு இசைந்தார்கள், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆகவே பயண வேளையில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"அசாதாரணச் சூழ்நிலை" என்றால் நிறுவனம் இழப்பீட்டிலிருந்து தப்பலாம். புயல், பாதுகாப்பு அச்சுறுத்தல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் இதில் வரும். பிரான்சில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடப்பதால் இதில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளவேண்டும். நிறுவனத்தின் சொந்த விமானிகள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் அது அசாதாரணம் ஆகாது என்று 2021 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ஸ்ட்ரைக், எங்கள் பொறுப்பில்லை" என்று கவுண்டரில் சொன்னால், யாருடைய வேலைநிறுத்தம் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இழப்பீடு கிடைக்காத சமயத்திலும் கவனிப்பு உரிமை போகாது. சாப்பாடு, இரவு தங்கவேண்டியிருந்தால் விடுதி, விடுதிக்குப் போய்வர வாகனம், இரண்டு தொலைபேசி அழைப்புகள் ஆகியவற்றை நிறுவனமே தரவேண்டும். 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியபோதுகூட இந்தக் கடமை நீங்கவில்லை என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. தரவில்லையென்றால் நியாயமான அளவில் நீங்களே செலவு செய்து ஒவ்வொரு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு விமானத்தில் போவதா என்று தீர்மானிப்பவர் நீங்கள். பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் மாற்று விமானத்துக்கு அவர்கள் பொறுப்பல்லர் என்பதால், ஊர் போய்ச் சேரவேண்டியவர் மாற்று விமானத்தைக் கேட்பதே மேல்.

இனி அந்தக் கையெழுத்து. கூட்டம் அலைமோதும் கவுண்டரில் ஒரு கூப்பனை நீட்டி, "இதை ஏற்றுக்கொண்டதாக இங்கே கையெழுத்திடுங்கள்" என்பார்கள். சட்டப்படி இழப்பீட்டைப் பணமாகத்தான் தரவேண்டும். கூப்பனாகத் தர உங்கள் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் கேட்கிறார்கள். சாப்பாட்டுச் சீட்டை வாங்குவது வேறு, இழப்பீட்டுக்குப் பதிலாகப் பயணக் கூப்பன் வாங்குவது வேறு. படிக்கமுடியாத மொழியில் இருந்தால் கையெழுத்திடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயணியின் உரிமைகள் என்ன என்று எழுதிய அறிவிப்பைத் தருவது அவர்களின் கடமை, அதையும் கேளுங்கள். போர்டிங் பாஸை எறியவேண்டாம்.

தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இணைந்து வராது. மலிவு விமானத்தில் பாரிஸிலிருந்து லண்டன் போய், அங்கே வேறு டிக்கெட்டில் டொரொன்டோ விமானத்தைப் பிடிக்கிறவர், முதலாவது தாமதித்து இரண்டாவதை விட்டால், இரண்டாவது நிறுவனம் எதற்கும் பொறுப்பில்லை. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கப் பிரிட்டன் எல்லைக்குள் நுழையவேண்டியும் வரும், அதற்கு வேறு விசா. மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்கு இந்த ஆபத்து தகாது என்றே நினைக்கிறேன்.

பெட்டி வராவிட்டால் அல்லது உடைந்து வந்தால், 1999 மொன்றியால் உடன்படிக்கை பேசும். போய் இறங்கிய விமான நிலையத்தில், வெளியே வருவதற்கு முன் பெட்டிக் குறைபாட்டு அறிக்கையை எழுதிக் கொடுத்து நகல் வாங்கவேண்டும். உடைந்த பெட்டிக்கு ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தரவேண்டும். வழக்குக்கு இரண்டு ஆண்டு. 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை (எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகு), நாணய மதிப்பைப் பொறுத்து ஏறக்குறைய 1,700 முதல் 1,900 யூரோ. தாலிக்கொடியும் மருந்தும் அந்தப் பெட்டியில் இருக்கக்கூடாது.

261 இழப்பீட்டுக்கு விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் இணையதளத்திலேயே படிவம் இருக்கும், தரகர் தேவையில்லை. பணம் பெற்றுத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், பிரான்சின் சுற்றுலா, பயண மத்தியஸ்தரிடம் நுகர்வோர் இலவசமாக முறையிடலாம். அந்த நிறுவனம் அவரிடம் பதிவாகியிருக்கவேண்டும். 5,000 யூரோவுக்குள்ளான வழக்கு பிரெஞ்சு நீதிமன்றம் போகுமுன் இப்படிச் சமரச முயற்சி நடந்திருப்பது கட்டாயம். பிரான்சில் இந்த இழப்பீட்டைக் கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது. இந்தியாவில் டிக்கெட் வாங்கியவர், பயண முகவரோ நிறுவனமோ சேவைக் குறைபாடு செய்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிரான்சில் இருக்கும்வரை எந்த அவசரத்துக்கும் 112, காவல்துறைக்கு 17, மருத்துவ உதவிக்கு 15.